பராமரிப்புப் பிரிவுக்கு ஸ்கோர்கார்டு: முதலில் புகார் நோட்டை வாங்குங்கள்

பல்கலைக்கழகப் பராமரிப்புப் பிரிவுக்கு ஸ்கோர்கார்டு (வேலை எப்படி நடக்கிறது என்று அளந்து மதிப்பெண் போடும் அட்டை) போடப் போகிறவர்கள் மற்ற வேலையெல்லாம் அப்புறம் வைத்துக்கொண்டு, முதலில் புகார்ப் பதிவேட்டைக் கையில் வாங்குங்கள். ராமநாதபுரம் கடற்கரையோர வளாகத்தில் நான் பட்ட பாடெல்லாம் அந்த நோட்டுக்காகத்தான்.

அட்டையின் வடிவம் சீக்கிரம் முடிந்தது. மேலாண்மை அறிஞர்கள் கப்லானும் நார்ட்டனும் வகுத்த நிதி, பயனாளர், உள்வேலை, கற்றலும் வளர்ச்சியும் என்ற நான்கு பிரிவுகளையே எடுத்துக்கொண்டோம்.

பதிவேடு கேட்டபோது எழுத்தர் "லெட்டர் கொண்டுவாங்க" என்றார். கொண்டுபோனால், "இது துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் கையெழுத்து வேணும்" என்று திருப்பி அனுப்பினார். பதிவாளர் இருப்பதோ தலைமை வளாகத்தில். பகல் முழுக்கப் பேருந்திலேயே போயிற்று. முதலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நோட்டைத் திறந்தால் ஏறக்குறைய எல்லாப் புகாருக்கும் நேரே 'முடிந்தது'. விடுதி மாணவிகளைக் கேட்டால் குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஆள் வந்து எட்டிப் பார்த்தாலே முடிந்ததாக எழுதிவிடுகிறார்கள். புகார் கொடுத்தவர் கையெழுத்திட்டால்தான் கணக்கு, அதே பழுது 30 நாளுக்குள் திரும்பினால் பழைய புகாரே மறுபடி உயிர்பெறும் என்று மாற்றினேன். ஒப்பந்தக்காரர் குதித்தார். நான் விடவில்லை.

தலைமை வளாகம் அனுப்பிய மாதிரிப் படிவம் கடலோரத்துக்கு ஆகாது. உப்புக் காற்றில் ஏசி வெளி யூனிட்டின் குழாய்ச்சுருள் (coil) அரித்துப்போகும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து ஊதி, சிமென்ட் பெயர்ந்து விழும். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் துருவோடு எப்படிப் போராடியது என்பதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்ன பிறகுதான், கடலைப் பார்த்த கட்டடங்களுக்குத் தனி இலக்கு கொடுத்தார்கள். இல்லாவிட்டால் அங்கே வேலை பார்க்கும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் எவ்வளவு உழைத்தாலும் அட்டையில் இலக்கு எட்டாத சிவப்பில்தான் கிடப்பார்கள். அது அநியாயம்.

தண்ணீருக்கு லாரி எத்தனை வந்தது என்று எண்ணாதீர்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) மீட்டர் அளவைத் தொட்டிவாரியாக எழுத வையுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லையென்றால் 2000 வரை.

முதல் அட்டையிலேயே 'முடிந்தவை' சரிந்தன. அந்தச் சரிவைக் காட்டித்தான் விடுதிக் குழாய்ப் பாதையை மாற்றப் பணம் கேட்டேன், கிடைத்தது! முதல் மூன்று மாதம் மதிப்பெண்ணை வைத்து ஒப்பந்தக்காரர் பில்லில் பிடித்தம் செய்யக்கூடாது என்று நிதிப் பிரிவிடம் எழுதியும் வாங்கிவிட்டேன். இப்போதே பிடித்தால் புகார் நோட்டில் ஏறவே ஏறாது.