பிளஸ் யார் பக்கம்?

ஆறு வாரம் அந்தத் தப்பு யார் கண்ணிலும் படவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. ஐரோப்பாவில் இரண்டு நாடுகளுக்கு நடுவே கடலுக்கடியில் போகிற ஒரு கேபிளுக்கு கிரிட் ஸ்டடி செய்துகொண்டிருந்தோம். கிரிட் என்றால் மின்நிலையங்களும் லைன்களும் சேர்ந்த பெரிய வலை, அதோடு கேபிளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டர் மாடலில் ஓட்டிப் பார்ப்பதுதான் ஸ்டடி. எந்தக் கேபிள் என்று சொல்ல முடியாது, வெளியில் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு நாட்டுக்காரர்கள் மாடலில் மின்சாரம் தங்கள் கிரிட்டுக்குள் வந்தால் பிளஸ். இன்னொரு நாட்டுக்காரர்கள் மாடலிலும் தங்கள் கிரிட்டுக்குள் வந்தால்தான் பிளஸ். நடுவில் இரண்டையும் ஒட்டவைத்தது நான். மெகாவாட்டுக்குக் கவனமாக சைனை, அதாவது பிளஸ் மைனஸ் குறியை, மாற்றினேன். மெகாவாருக்கு, அதாவது நேரடியாக வேலை செய்யாமல் வோல்டேஜைத் தாங்குவதற்காகப் போய்வருகிற மின்சாரத்துக்கு, மாற்ற மறந்துவிட்டேன்.

ஏசி, அதாவது திசை மாறி மாறிப் போகிற மின்சாரம், ஓடுகிற கடலடி கேபிள் என்பது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற நீளமான ஒரு கெபாசிட்டர் மாதிரி. சுமை ஏதும் இல்லாமல் சும்மா கிடந்தாலும் மெகாவாரைக் கக்கிக்கொண்டே இருக்கும், அதை உறிஞ்ச ரியாக்டர் என்கிற பெரிய கம்பிச்சுருள் வைக்க வேண்டும். என் ரிப்போர்ட்டை நம்பி ரியாக்டருக்கு ஆர்டர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. கண்டுபிடித்தது ஒரு டேனிஷ் பெரியவர். திட்டவில்லை. மீட்டிங் முடிகிற நேரத்தில், எல்லோரும் கிளம்பத் தயாரானபோது, "ஒரு சின்னக் கேள்வி, இந்த இடத்தில் பிளஸ் யார் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். கிண்டி ஆபீஸில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு முதுகு முழுக்க வேர்வை.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் போல இதே வேலைதான், கடலில் நிற்கும் காற்றாலைகளையும் கேபிள்களையும் கிரிட்டோடு சேர்க்கிற கணக்கு. திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன காலம் போய், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தபிறகு உட்கார்ந்து போகிறேன். வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கடல் காற்றாலை என்றால் ராட்சத இறக்கை, கப்பல், கிரேன். உள்ளே இருக்கிற எங்களுக்கு அது பெரும்பாலும் எக்ஸெல் ஷீட்தான், எது வரைக்கும் உன்னுடையது, எங்கிருந்து என்னுடையது என்கிற ஒரே கேள்வியை முந்நூறு விதமாகக் கேட்கிற எக்ஸெல் ஷீட்.

நைனா எண்ணூர் தெர்மலில் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர். 1970இல் ஓட ஆரம்பித்து 2017இல் மூடப்பட்ட, 450 மெகாவாட் பழைய ஸ்டேஷன். மெஷினை கிரிட்டோடு சேர்ப்பதைப் பற்றி அவர் சொல்லக் கேட்க வேண்டும். மெஷினின் தாளமும் கிரிட்டின் தாளமும் ஒத்துப்போகிறதா என்று காட்டுகிற சிங்க்ரோஸ்கோப்பின் ஊசி மெதுவாகச் சுற்றிவரும், பன்னிரண்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பிரேக்கரைப் போட்டு இணைக்க வேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் மெஷின் உதறும். ஒருநாள் சாப்பிடும்போது பால்டிக் கடலில் டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவே இருக்கும் க்ரீகர்ஸ் ஃப்ளாக் இணைப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். டென்மார்க்கின் கிழக்குப் பகுதி ஸ்வீடன், நார்வே கிரிட்டோடு ஓடுகிறது, ஜெர்மனி ஐரோப்பியக் கண்டத்து கிரிட்டோடு ஓடுகிறது. இரண்டும் வினாடிக்கு 50 சுற்று, 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் தாளம் வேறு.

"அப்ப ஊசி நிக்கவே நிக்காதே, எப்புட்றா சேர்த்தாங்க?"

நல்ல கேள்வி. நேராகச் சேர்க்கவில்லை. ஒரே திசையில் போகிற டிசி மின்சாரத்துக்குத் தாளம் கிடையாது. அதனால் ஜெர்மனியில் பென்ட்விஷ் என்ற ஊரில் ஏசியை டிசியாக்கி, அதே வளாகத்துக்குள் மறுபடி ஏசியாக்குகிற ஒரு கன்வெர்ட்டர் ஸ்டேஷன் போட்டார்கள். கடலுக்குள் ஜெர்மன் காற்றாலையின் கேபிள் 150 கிலோவோல்ட், டென்மார்க் காற்றாலையுடையது 220 கிலோவோல்ட், அதற்கு நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். காற்றடித்தால் இரண்டு நாட்டுக் காற்றாலைகளும் அவரவர் கரைக்கு அனுப்பும், காற்று குறைந்தால் அதே கேபிள்கள் வழியாக இந்த நாடு அந்த நாட்டுக்கு மின்சாரம் விற்கும். 400 மெகாவாட், 2020இல் தொடங்கியது, உலகத்தில் இந்த மாதிரியில் முதலாவது. ஆரம்பத்தில் ஸ்வீடனும் கூட்டுச் சேர்வதாக இருந்து பாதியில் விலகிக்கொண்டது. நைனா இதற்கெல்லாம் அசரவில்லை. "நம்ம சவுத் கிரிட்டும் அப்படித்தானே கிடந்தது" என்றார். உண்மைதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் போட்டு ஒன்றாக்கும்வரை தெற்கு தனித் தாளத்தில்தான் ஓடியது, வடக்கோடு பேச்சுவார்த்தை எல்லாம் டிசி வழியாகத்தான். அந்த நாள் அவர் போன் செய்து சொன்னது ஞாபகம் இருக்கிறது, ஏதோ வீட்டில் கல்யாணம் முடிந்த மாதிரி.

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. நமக்கு இரவு ஒன்பதேகால் தாண்டியிருக்கும். லண்டனுக்கு வடக்கே ஒரு லைனில் இடி விழுந்தது. கிரிட்டுக்கு அது சாதாரண விஷயம், லைன் சில வினாடிகளில் தானாகத் திரும்ப வந்துவிட்டது. ஆனால் அந்தக் கண நேர வோல்டேஜ் ஆட்டத்துக்கு, கட்டிமுடிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஹார்ன்ஸீ ஒன் கடல் காற்றாலையின் கண்ட்ரோல் தப்பாகத் தாளம்போட்டு, 737 மெகாவாட் ஒரே அடியில் போனது. அதே நேரத்தில் லிட்டில் பார்ஃபோர்ட் கேஸ் மின்நிலையமும் டிரிப். ஃபிரீக்வென்சி, அதாவது கிரிட்டின் தாளம், 50இலிருந்து 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருட்டில். சில ரயில்கள் டெக்னீஷியன் வந்து ரீஸ்டார்ட் செய்யும்வரை தண்டவாளத்திலேயே நின்றன. காற்றாலையின் பிழையை அடுத்த நாளே சாஃப்ட்வேர் மாற்றிச் சரிசெய்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு நாளில் சரிசெய்யக்கூடிய விஷயம் அத்தனை ஸ்டடிகளையும் தாண்டி எப்படி உள்ளே உட்கார்ந்திருந்தது? அந்த மாதிரி ஸ்டடிகளைத்தான் நான் சோறு தின்பதற்காகச் செய்கிறேன். திங்கட்கிழமை ஆபீஸில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

அப்புறம் எல்லோரும் விரிவான மாடல் கேட்க ஆரம்பித்தார்கள். மைக்ரோவினாடி கணக்கில் ஓடுகிற மாடல். தயாரிப்பாளர் தருவார், ஆனால் பூட்டிய பெட்டியாகத் தருவார், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. தொழில் ரகசியம். இரண்டு கம்பெனிகளின் பூட்டிய பெட்டிகளை ஒரே கேபிளின் இரண்டு முனையில் வைத்து, ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்ளாமல் ஓடுமா என்று சொல்ல வேண்டியது நாங்கள். இதற்காகவே 2023இல் ஐரோப்பிய யூனியன் பணத்தில் இன்டர்ஓபெரா என்று ஒரு திட்டம் தொடங்கி, போட்டிக் கம்பெனிகளையே ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். அந்த வருடம் ஏப்ரலில்தான் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டில் ஒன்பது நாடுகள் கூடி, கடல் காற்றாலை 2030க்குள் 120 ஜிகாவாட், 2050க்குள் 300 ஜிகாவாட் என்று அறிவித்தன. தலைவர்கள் கைகுலுக்கி போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு மதியம் போதும். பிளஸ் யார் பக்கம் என்று முடிவுசெய்ய வருடக்கணக்கு ஆகும்.

அந்த டேனிஷ் பெரியவரிடம் ஒரு முறை பழவேற்காட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் ஊர் அது. ஏரியில் இறால் பிடிக்க நல்ல இடங்கள் கொஞ்சம்தான், ஆள் அதிகம். அதனால் பாடு முறை: இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்ன ஊர்க்காரர் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். உரிமை யாருக்கு, யாருக்கு இல்லை என்பதில் சண்டையும் உண்டு, அதை மறைக்கவில்லை. அவர் நிறையக் கேள்வி கேட்டார். முறையை மீறினால் யார் விசாரிப்பது, ஊர்ப் பஞ்சாயத்தா போலீசா, எழுதிவைத்திருக்கிறார்களா வாய்ச்சொல்லா என்று. கடைசியில், எங்கள் ஒப்பந்தமும் இதுதான், நானூறு பக்கம் கூடுதல், அவ்வளவுதான் என்று சிரித்தார்.

இப்போது நம் பக்கம் வருகிறது. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ஒதுக்கியது, குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட். நம்முடையது மன்னார் வளைகுடாப் பக்கம், எண்ணூரில் இல்லை. பள்ளிக்கரணையில் இருக்கிற ஒன்றிய அரசின் காற்றாற்றல் நிறுவனம் ஐரோப்பியர்களோடு பல வருடமாகக் காற்றை அளந்து வைத்திருக்கிறது, டென்மார்க்கோடு கூட்டு மையமும் உண்டு. இங்கிருந்து குழுக்கள் போகும், ஹெல்மெட் போட்டுக்கொண்டு காற்றாலை முன்னால் நிற்கும். எனக்கு ஒரே ஆசைதான். அவர்கள் வெற்றியைக் காட்டும் ஹாலைவிட்டு வெளியே வந்து, தப்பாகப் போன ஃபைல்களைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். எந்த வரியில் சண்டை வந்தது, எத்தனை மாதம் இழுத்தது, எப்படி எழுதி முடித்தார்கள் என்று. இறக்கையைக் காசு கொடுத்தால் யாரும் விற்பார்கள்.

போன வாரம் எதிர்வீட்டு அண்ணன் கேட்டார். காசிமேட்டில் போட் வைத்திருக்கிறவர், டிவியில் பார்த்திருக்கிறார்.

"தம்பி, கடல்ல காத்தாடி நட்டா நடுவுல வல போடலாமா?"

ஊருக்கு ஊர் வேறு என்றேன். பிரிட்டனில் பொதுவாகப் படகு உள்ளே போகலாம், கட்டும்போது மட்டும் காற்றாலையைச் சுற்றி 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பெல்ஜியத்தில் உள்ளேயே விடமாட்டார்கள். ஒரே கடல்தான், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்மூர்ல கோடு போடும்போது மீன்புடிக்கறவன் எவனாவது பக்கத்துல நிப்பானா?" என்றார். மணி ஆறரை, கோபன்ஹேகனில் மதியம், எனக்கு போனில் மீட்டிங் இருந்தது. நிற்க வேண்டும் அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.