பலாக்கட்டைக்குள் ஒரு கிலோமீட்டர் கம்பி

வடபழனியில் எங்கள் கடைக்கு இரண்டு போர்டு. மேலே இருப்பது அப்பா காலத்தது: ஃபேன், மிக்ஸி, மோட்டார் ரீவைண்டிங். அதற்குக் கீழே சின்னதாக நான் மாட்டியது: கிட்டார் சர்வீஸ். இன்றுவரை சோறு போடுவது மேல் போர்டுதான். ஃபேனைக் கொண்டுவருகிறவர் "எப்பக் கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். கிட்டாரைக் கொண்டுவருகிறவருக்கு ஸ்டூல் போட வேண்டும்.

அப்படி ஸ்டூலில் உட்கார்ந்தவர்களில் ஒரு தம்பி. மற்ற நாளில் ஐ.டி. வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பார். காலேஜ் நாளில் வாங்கிய மின்சார கிட்டார், ஃபெண்டர் கம்பெனியின் 'ஸ்ட்ராட்' மாடலைப் பார்த்துச் செய்த விலை குறைந்த ரகம். கூடவே ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் பஞ்சுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாக மரத்துண்டுகள். மெல்லிய பட்டை ஆறு, மூடி மூன்று. தஞ்சாவூரில் வீணைப் பட்டறையில் வேலை பார்க்கும் அவருடைய தாய்மாமா செய்து கொடுத்தது. வீணைக்குடம் குடைந்தபோது மிஞ்சிய பலாக்கட்டை. மூடிகளில் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, உள்பக்கம்கூட வழவழவென்று இழைத்திருந்தார். யாரும் பார்க்கப்போகாத பக்கம் அது.

"இதுல பிக்கப் கட்டிக் குடுங்கண்ணே. பிளாஸ்டிக் வேண்டாம். மரத்தோட சத்தம் வரணும்."

இந்த மாதிரி ஆசைக்கு என்னிடம் ரெடிமேடாக ஒரு பிரசங்கம் உண்டு. பிக்கப் என்பது மைக் இல்லை. காற்றில் வரும் சத்தத்தை அது கேட்பதில்லை. நடுவில் காந்தம், அதைச் சுற்றிச் செப்புக்கம்பி, மேலே இரும்புத் தந்தி. தந்தி ஆடினால் காந்தப்புலம் ஆடும், கம்பியில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். அதைப் பெரிதாக்கிச் சத்தமாக்குவது ஆம்ப். ஃபாரடே 1831ல் கண்டது இதைத்தான். ஜெனரேட்டர் ஓடுவதும் இதில்தான். இந்த நாடகத்தில் மரத்துக்கு வேஷமே கிடையாது. பித்தளை மூடி போட்டால்கூட அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி மேல்ஸ்தாயியின் பளபளப்பைக் கொஞ்சம் தின்றுவிடும். மரமும் பிளாஸ்டிக்கும் ஒன்றுமே செய்யாது. மின்சார கிட்டார் என்று முதன்முதலில் கடைக்கு வந்த 'ஃபிரையிங் பேன்', மடியில் வைத்து வாசிக்கும் வகை, 1932ல் வந்தது. அதற்கு உடம்பே வார்ப்பு அலுமினியம். பிக்கப் வேலை செய்ய மரம் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தம்பி பொறுமையாகக் கேட்டார். "சரிண்ணே. நீங்க கட்டுங்க, பாப்போம்."

வேலையை ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த இழைப்புதான்.

கிட்டாரின் முகத்தில் பிக்கப்புகளைத் தாங்கும் ஸ்க்ராட்ச் பிளேட்டைக் கழற்றிப் பழைய பிக்கப்பைத் திருப்பினேன். எதிர்பார்த்ததுதான். அடியில் செராமிக் காந்தப்பட்டை ஒட்டி, ஆறு இரும்புத் துண்டு வழியாக மேலே காந்தத்தை ஏற்றிவிட்டிருந்தார்கள். விலை குறைந்த கிட்டார்களில் இதுதான் வழக்கம். தப்பில்லை, ஆனால் சத்தம் கொஞ்சம் காட்டமாக இருக்கும். நான் போடப்போவது அல்நிக்கோ 5: அலுமினியம், நிக்கல், கோபால்ட்டை இரும்போடு சேர்த்து வார்த்த காந்தம். ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒரு காந்தக் குச்சி. "சத்தம் மாறப்போறது இதாலதான், மரத்தால இல்ல" என்று அப்போதே சொல்லி வைத்தேன். பின்னால் பேச்சு வரக்கூடாது பாருங்கள்.

அடுத்தது கம்பி. இதில்தான் முப்பது வருஷமாகக் கம்பி சுற்றும் குடும்பத்தில் பிறந்தவன் மண்ணைக் கவ்வினேன். பிக்கப்புக்கு 42 நம்பர் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. பாரிமுனைப் பக்கம் போய் "42 கேஜ் எனாமல் ஒரு ஸ்பூல்" என்றேன், கொடுத்தார்கள். சோதனைக்கு ஒரு பழைய பாபினில், அதாவது கம்பி சுற்றும் சட்டத்தில், சுற்ற ஆரம்பித்து மூவாயிரம் சுற்று தாண்டியதும் அது நிரம்பி வழிகிறது. மல்டிமீட்டரை வைத்தால் ஒரு கிலோ ஓம் கூட இல்லை. ஆறு வர வேண்டும். காந்தத்தைச் சந்தேகப்பட்டேன், மீட்டரைச் சந்தேகப்பட்டேன், பாட்டரியை மாற்றினேன். கடைசியில் ஸ்பூல் லேபிளைப் படித்தபோதுதான் உறைத்தது. நம் ஊர் வைண்டிங் கடையில் 42 என்றால் பிரிட்டிஷ் கணக்கு, 0.1 மில்லிமீட்டர். கிட்டார்க்காரர்கள் சொல்லும் 42 அமெரிக்கக் கணக்கு, 0.063. நம் கணக்கில் அது கிட்டத்தட்ட 46. ஃபேனுக்கு 36 நம்பர் வாங்கும்போது நான் ஒருநாளும் எந்த நாட்டுக் கணக்கு என்று யோசித்ததில்லை. அப்பா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், சிரித்திருப்பார். அதுதான் இன்னும் மோசம்.

46 நம்பர் கம்பி ஆர்டர் போட்டு வருவதற்குள் இன்னொரு தொல்லை. ஒரு பிக்கப்புக்கு மேலும் கீழுமாக இரண்டு மரப்பட்டை. காந்தக் குச்சிகளை அவற்றின் ஓட்டைகளில் இறுக்கமாக அழுத்திச் செருக வேண்டும். முதல் பட்டையில் நாலாவது குச்சி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். முதல் ஓட்டையிலிருந்து ஆறாவது வரை நேர்கோடாகப் பிளந்துவிட்டது. தம்பியிடம் சொல்லத் தயங்கி, நம்பர் மட்டும் வாங்கி மாமாவையே கூப்பிட்டேன்.

"ரேகை ஓடுற திசையிலேயே ஆறு ஓட்டை போட்டா அது பிளக்காம என்னங்க செய்யும்?" என்றார். "வரைபடம் அனுப்பினவன் மருமகன். அவன் சொன்னபடி போட்டேன். நீங்க வேலைக்காரர், நீங்க சொல்லியிருக்கணும்."

நியாயம்தான். ஒரு வாரத்தில் பார்சல் சர்வீஸில் புதிய ஆறு பட்டைகள் வந்தன. இந்த முறை ஒவ்வொன்றும் இரண்டு மெல்லிய தகடு, ஒன்றின் ரேகை நீளவாக்கில், மற்றதன் ரேகை குறுக்கே, நடுவில் பசை. பிளைவுட் தத்துவம்தான், ஆனால் ஒட்டிய இடம் எது என்று நகத்தால் தேடினாலும் தெரியவில்லை. குச்சிகள் ஆறும் சத்தமில்லாமல் இறங்கின. நடு பிக்கப்புக்கு மட்டும் காந்தத்தைத் தலைகீழாகச் செருகி, கம்பியையும் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அப்போதுதான் பக்கத்து பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போது கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும்.

சுற்றுவதற்கு என்னிடம் இருப்பது பழைய தையல் மிஷின் மோட்டார், காலால் அழுத்தும் பெடல். சுற்று எண்ணுவதற்கு ஒரு கால்குலேட்டர். அதன் சமக்குறிப் பொத்தானுக்குள்ளிருந்து இரண்டு ஒயர் இழுத்து ரீட் சுவிட்சில் இணைத்திருக்கிறேன். சக்கரத்தில் ஒட்டிய சின்னக் காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கால்குலேட்டர் ஒன்று கூட்டும். ஒரு பிக்கப்புக்கு 7,800 சுற்று. பாபினை ஒரு முறை சுற்றினால் சுமார் 14 சென்டிமீட்டர். கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி. தலைமுடி மாதிரியான அதை இரண்டு விரலுக்கு நடுவே ஃபெல்ட் துணி வைத்துப் பிடித்து, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிடி இறுகினால் அறுந்துவிடும். தளர்ந்தால் உள்ளே கம்பி அசைந்து, ஆம்ப் சத்தம் கூடும்போது பிக்கப் 'கீ' என்று கத்தும். ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956லிருந்து பல பத்தாண்டு இதே வேலையைச் செய்த அபிகேல் இபாரா என்ற அம்மையாரின் கை பிக்கப்புகளுக்கு இன்று தனி மதிப்பு. அவர் ஒரு நாளில் எத்தனை சுற்றியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன். எனக்கு மூன்றாவதிலேயே கழுத்து பிடித்துக்கொண்டது. அதிலும் ஒன்று 5,400வது சுற்றில் அறுந்தது. எனாமலைச் சுரண்டி ஒட்டுப்போட்டேன். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் மனசு ஒப்பாமல் மொத்தத்தையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி சுற்றினேன். ஃபேனுக்கு இதைச் செய்வேனா என்று கேட்டால், மாட்டேன்.

சுற்றிய காயிலை உருகிய மெழுகில் முக்கி எடுப்பது வழக்கம். கம்பிகளுக்கு நடுவே மெழுகு இறங்கி இறுகினால் அந்தக் கத்தல் வராது. பாரஃபின் எட்டு பங்கு, தேன்மெழுகு இரண்டு பங்கு, 65 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. மாமாவிடம் தேன்மெழுகு என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. வீணைத் தண்டில் குறுக்கே நிற்கும் 24 மெட்டும் உட்காருவது மெழுகின் மேல்தான். தேன்மெழுகோடு கரிப்பொடி சேர்த்துக் காய்ச்சி, அதில் மெட்டுகளைப் பதிப்பார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பேர். எந்த மாதம் மெழுகு இளகும், எப்போது விரிசல் விடும் என்று அரை மணி நேரம் பேசினார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "மூடியை மெழுகுல போட்டுடாதீங்க. மரம் குடிச்சிடும். அப்புறம் எந்தப் பாலிஷும் நிக்காது." நான் போடுவதாகத்தான் இருந்தேன். காயிலை மட்டும் முக்கி எடுத்து, பாலிஷ் காய்ந்த மூடியைக் கடைசியில் மாட்டினேன்.

போனை வைப்பதற்கு முன் மாமா ஒன்று கேட்டார், வீணைக்கும் இதைக் கட்டலாமா என்று. வீணைத் தந்திகளில் சாரணியும் பஞ்சமமும் எஃகு, பேசும். பித்தளையில் போட்ட மந்தரமும் அனுமந்தரமும் காந்தத்துக்குத் தெரியாது, ஊமையாகிவிடும் என்றேன். "பாதி வீணைதான் கேக்கும்னு சொல்லுங்க" என்றார்.

மூன்றையும் அளந்து 6.1, 6.0, 6.2 கிலோ ஓம் என்று பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் தம்பியிடமிருந்து போன். "அண்ணே, வீட்ல மீட்டர் வச்சுப் பாத்தேன், எல்லாம் குறைஞ்சிருக்கு, 5.8தான் காட்டுது." எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்றேன். ஏ.சி. ரூமில். என் கடையில் ஏப்ரல் மதியம் 36 டிகிரி. பத்து டிகிரி குளிர்ந்தால் செம்பின் ரெசிஸ்டன்ஸ் நூற்றுக்கு நாலு குறையும். "வெளிய கொண்டுபோய் வெயில்ல வச்சுப் பாருங்க, திரும்ப வந்துடும்" என்றேன். பார்த்தாராம், வந்துவிட்டதாம்.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கிட்டாரில் மாட்டி முதல் முறை ஆம்ப்பில் போட்ட நாள்.

தம்பி ஈ மைனர் ஒன்றை மெதுவாக வருடினார். பழைய காட்டம் இல்லை. அடிக்கிற அடி முன்னால் வந்து முட்டாமல், ஒரு எட்டு பின்வாங்கி நின்று ஒலித்தது. பத்து நிமிடம் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. "சொன்னேன்ல அண்ணே. இதான் மரம்."

எனக்குக் காரணம் தெரியும். வழக்கமான ஸ்ட்ராட் மூடியில் ஆறு ஓட்டை இருக்கும், காந்தத்தின் தலை அதன் வழியே எட்டிப் பார்க்கும். பலாவின் மஞ்சள் முழுசாகத் தெரிய வேண்டும் என்று தம்பி ஓட்டை வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே தந்திக்கும் காந்தத்துக்கும் நடுவே அந்த மூடியின் கனமும் சேர்ந்துகொண்டது. தூரம் கூடினால் சத்தம் குறையும், முனை மழுங்கும், காந்தம் தந்தியைப் பிடித்திழுப்பதும் குறைவதால் ஒலி நீண்டு மறையும். அவர் கேட்டது பலாவை இல்லை, இரண்டு மில்லிமீட்டரை.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். இரண்டு பக்கமும் திருகி, மூடி தந்தியில் உரசாத அளவுக்கு பிக்கப்பை மேலே ஏற்றினேன். "இப்ப வாசிங்க." வாசித்தார். சத்தம் முன்னால் வந்தது, அந்தப் பின்வாங்கல் போய்விட்டது. தம்பி முகம் சுருங்கியது. "மரம் அதேதான் தம்பி. தூரம்தான் மாறிச்சு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தந்திகளைப் பார்த்தார். "அந்தத் தூரத்தை வச்சது மூடிதானேண்ணே? மூடியைச் செஞ்சது மாமாதானே? பழையபடி இறக்குங்க."

இறக்கினேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அன்று தெரியவில்லை. இப்போதும் யாராவது மரபிக்கப் என்று வந்தால் அதே பிரசங்கத்தைத்தான் செய்கிறேன், ஃபாரடேயிலிருந்து ஆரம்பித்து. ஆனால் இரண்டு மில்லிமீட்டர் இடத்துக்கு வரும்போது பேச்சு கொஞ்சம் வேகம் குறைந்துவிடுகிறது.

பில் போடும்போது காந்தம், கம்பி, கூலி என்று மூன்று வரி எழுதினேன். முதலில் வீணான 42 நம்பர் ஸ்பூலை என் கணக்கில் போட்டுக்கொண்டேன். அது இன்னும் ராக்கில் இருக்கிறது.

நவம்பரில், நாலு நாள் மழைக்குப் பிறகு தம்பி மறுபடி வந்தார். நடு மூடி ஈரத்தில் ஊதி, ஸ்க்ராட்ச் பிளேட்டின் ஓட்டையில் கவ்விக்கொண்டு நிற்கிறது. திருகினால் ஸ்க்ரூதான் சுற்றுகிறது, பிக்கப் அசையவில்லை. தஞ்சாவூரில் பார்த்துப் பார்த்து உலர்த்திய பலா, சென்னை மழையில் அரை மில்லிமீட்டர் கொழுத்துவிட்டது. பிளாஸ்டிக் இதைச் செய்திருக்காது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. கழற்றி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்க்க ஆரம்பித்தேன். மேலே பழுப்பேறியிருந்த மரத்துக்கு அடியில் அதே பழைய மஞ்சள் வந்தது.

"உயரம் மாறாம பாத்துக்கங்கண்ணே" என்றார் ஸ்டூலிலிருந்து.

ஸ்க்ரூ எத்தனை சுற்று என்று கழற்றும்போதே பில் புக்கில் எழுதி வைத்திருந்தேன். காட்டினேன்.