கோபியிலிருந்து நடக்கும் திருப்பூர் ஆபீஸ்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் எங்கள் பெரியப்பா மகனுக்கு, கோபிசெட்டிபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே ஓர் அம்மணி விர்ச்சுவல் அசிஸ்டன்டாக, அதாவது ஆன்லைனிலேயே ஆபீஸ் வேலைகளைக் கவனிக்கும் உதவியாளராக இருக்கிறார். சரக்கு வாங்கும் நியூயார்க் பையருக்குக் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 7.30. அதையெல்லாம் காலண்டரில் சரியாகப் போட்டுவிடுவார். சாம்பிள் கூரியர் எங்கே நிற்கிறது, எந்த ஸ்டைலுக்கு லேப்டிப் (கலர் சரியா என்று பார்க்க அனுப்பும் சாயமிட்ட சிறு துணித் துண்டு) அப்ரூவல் வரவில்லை என்று மீட்டிங்குக்கு முன்பே வாட்ஸப்பில் நாலு வரி வந்துவிடும். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் தேதிகளை ஆடிட்டருக்கு ஞாபகப்படுத்துவதும் அவர்தான். அண்ணன் இப்போது நிம்மதியாக டையிங் யூனிட்டுக்குப் போய் கலர் பார்க்கிறார்.

ஆள் வைப்பவர்கள் மெயிலுக்கு டெலிகேட் அனுமதி (உங்கள் பாஸ்வேர்டு இல்லாமலே அவர் மெயிலைப் பார்த்துப் பதில் போடும் வசதி) மட்டும் கொடுங்கள். பாஸ்வேர்டு, பேங்க் ஓடிபி வேண்டாம். அப்புறம், வீட்டில்தானே இருக்கிறார் என்று சம்பளத்தைக் குறைக்காதீர்கள்.