திருவொற்றியூரில் ஒரு பாலே பிள்ளை

என் மகள் போன ஜூன் மாதத்திலிருந்து பெங்களூரில் ஒரு முழுநேர நடனப் பள்ளியில் தங்கி பாலே என்ற மேற்கத்திய நடனம் படிக்கிறாள். 7 வயதில் ஆரம்பித்தவளுக்கு இப்போது 17. எனக்கு நடனம் தெரியாது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. ஒன்றும் தெரியாத வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை இந்த வழியில் போக முடியும். ஆனால் அவசரப்படுத்த ஆயிரம் பேர் வருவார்கள். அவர்களிடமிருந்து பிள்ளையின் உடம்பைக் காப்பாற்றுவதுதான் பெற்றவர்களின் முக்கியமான வேலை என்று நான் நினைக்கிறேன்.

"நம்ம பரதம் இருக்கும்போது இது எதுக்கு?" என்று என் மாமியார் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மகளே பதில் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். கலாக்ஷேத்ராவை 1936-இல் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றது பாலேதான். ரஷ்யாவின் புகழ்பெற்ற பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாடம் எடுத்தார். நம் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று அவரைத் திருப்பியதும் பாவ்லோவாதான். மாமியார் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வகுப்புக்குக் கிளம்பும்போது தலை பின்னிக் கொண்டை போட்டுவிடுவது அவர் வேலையாகிவிட்டது.

வகுப்பு சென்னையின் தெற்குப் பக்கம். பஸ்ஸில் போன காலத்தில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் பாதி வகுப்பு போய்விடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. காலடிப்பேட்டையில் ஏறித் தேனாம்பேட்டையில் இறங்குவோம். வீட்டுப்பாடம் எல்லாம் ரயிலிலேயே முடிந்துவிடும்.

முதலில் சேர்த்த வகுப்பில், ஆண்டு விழா நன்றாக இருக்கும் என்று 9 வயதுப் பிள்ளைகளுக்கு பாயிண்ட் ஷூ வாங்கச் சொன்னார்கள். விரல் நுனியில் நிற்பதற்கான ஷூ அது. மற்ற அம்மாக்களுக்குச் சந்தோஷம். எனக்கு மனசு கேட்கவில்லை, ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அந்த வயதில் பாத எலும்புகள் முழுதாக உறுதியாகியிருக்காது, வளர்ச்சிப் பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் என்றார். மறு வாரமே அந்த வகுப்பை நிறுத்திவிட்டேன்.

அடுத்துக் கிடைத்த ஆசிரியை அவசரமே படாதவர். சில வருடப் பயிற்சிக்குப் பிறகு, 12 வயதை ஒட்டித்தான் பாயிண்ட் ஷூ பேச்சையே எடுப்பேன், அதுவும் வயதை மட்டும் பார்த்து இல்லை என்றார். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தளராமல் பலமுறை தூக்கி இறக்க வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்க வேண்டும். பாதத்தை நீட்டினால் கெண்டைக்காலோடு ஒரே கோடாக வர வேண்டும். வயிற்றுத் தசைக்கும் சோதனை உண்டு. இதையெல்லாம் ஒரு பிசியோதெரபிஸ்டும் பார்த்த பிறகுதான் அனுமதி. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்பதை டர்ன்-அவுட் என்பார்கள். அது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். முட்டியையும் கணுக்காலையும் முறுக்கித் திருப்பினால் முட்டி கெட்டுவிடும். பரதத்தில் முட்டியை வெளிப்பக்கம் மடக்கி அரைமண்டி போடும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

பாயிண்ட் ஷூவுக்குள் மரமோ இரும்போ இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு அது. அடியில் விறைப்பான ஒரு பட்டை, மேலே சாட்டின். நம் ஊர் வேர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் பசை சீக்கிரம் இளகிவிடும். வகுப்பு முடிந்ததும் பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் வலைப்பையில் போட்டு ஃபேனுக்குக் கீழே தொங்கவிடுவோம். ரிப்பனும் எலாஸ்டிக்கும் நாம்தான் தைக்க வேண்டும், ஒவ்வொரு பாதத்துக்கும் இடம் மாறும். சாட்டின் ரிப்பனைப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கி, நுனி பிரியாமல் இருக்க நெருப்பில் காட்டிக் கருக்குவேன். சாதா நூல் அறுந்துகொண்டே இருந்தது. காசிமேட்டில் வலை தைக்கிற மெல்லிய நைலான் நூலை ஒரு அண்ணன் கொடுத்தார், அதற்குப் பிறகு ஒரு தையலும் விட்டதில்லை. ஷூவை மட்டும் அளவு பார்த்து வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. நீளம் சரியாக இருந்தால் போதாது, அகலமும் பொருந்த வேண்டும்.

2020 ஊரடங்கில் வகுப்பு போனுக்கு வந்தபோது தரைதான் பெரிய பிரச்சினை. டைல்ஸ் தரையில் குதித்துக் குதித்து முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்க ஆரம்பித்தது. தச்சு வேலை செய்யும் என் தம்பி 8-க்கு 4 அடி பிளைவுட் இரண்டு எடுத்து, அடியில் இடைவெளி விட்டு கனமான ஃபோம் துண்டுகளை ஒட்டி, மேலே வழுக்காத வினைல் விரித்துக் கொடுத்தான். ஹாலில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் அதைச் சுற்றித்தான் நடந்தார்கள்.

13 வயதில் திடீரென்று உயர்ந்தாள். முன்தினம் சுற்றிய சுற்று மறுநாள் வரவில்லை. தொடைப் பின்தசை இறுகி, குதிகாலில் வலி. குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இழுபடுவதால் வருகிற வலி, வளர்த்தி நின்றால் போய்விடும், அதுவரை குதிப்பதைக் குறைக்கணும் என்றார் டாக்டர். "எனக்கு மட்டும் எல்லாம் மறந்துபோச்சும்மா" என்று ராத்திரி அழுவாள். மறக்கவில்லை, கை கால் நீளம் மாறியதால் உடம்பு புதிதாகக் கணக்குப் போடுகிறது என்று ஆசிரியை சொன்ன விளக்கத்தை நானும் திரும்பத் திரும்பச் சொல்வேன். பல பிள்ளைகள் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அவளைக் குதிக்காத பயிற்சியிலும் இசை கேட்பதிலும் வைத்திருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் இளைக்கலாமே" என்ற பேச்சும் அந்த வயதில்தான் வரும். அதை நான் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டேன். ஆடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லையென்றால் மாதவிலக்கு நின்றுபோகலாம், எலும்பில் விரிசலும் விழலாம். முட்டை, கேழ்வரகு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். மாதக் கணக்கு தள்ளிப்போனால் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

தேர்வு பற்றியும் சொல்ல வேண்டும். 1920-இல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் தேர்வுகளில் 8 வரை கிரேடுகள் உண்டு. தொழில்முறைப் பக்கம் போக நினைப்பவர்களுக்குத் தனி வரிசை, இன்டர்மீடியட் ஃபவுண்டேஷனில் தொடங்குவது. அதற்குக் குறைந்தது 11 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டி முழுநேரப் பள்ளியில் இடம் வாங்க முடியாது. அங்கே பார்ப்பது பிள்ளையின் உடம்பையும் இசையோடு அது போகிற விதத்தையும்தான்.

ஆடிஷன் வீடியோவை ராயபுரத்தில் மரமேடை உள்ள ஒரு சர்ச் ஹாலை வாடகைக்குப் பிடித்து எடுத்தோம். போனைக் கிடையாக, இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து, தூக்கிய கையின் விரல் நுனி முதல் பாதம் வரை தெரிகிற தூரத்தில் எடுத்தோம். பார் என்கிற கைப்பிடிக் கம்பியைப் பிடித்துச் செய்வது, நடுவில் வந்து செய்வது, பாயிண்ட் எல்லாம் வரிசையாக. ஒரு பயிற்சிக்கு நடுவில் வெட்டக் கூடாது. உடுப்பு, பாவாடை இல்லாத சாதா லியோடார்ட், அதாவது உடம்போடு ஒட்டிய பயிற்சி உடை. வெளிநாட்டுப் பள்ளிகள் சிலவற்றுக்கு அனுப்பியதில் இடம் கிடைக்கவில்லை. மும்பையிலிருந்து அமீருதீன் ஷா 2017-இல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனதை எல்லாரும் எங்களிடம் சொன்னார்கள். அந்தப் பையன் போனதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அப்படி ஒருவர் போவதற்குப் பின்னால் பெரிய ஆதரவு வேண்டியிருக்கிறது. கட்டணம், தங்குமிடம், விசா என்று எங்கள் சம்பளத்துக்கு அது எட்டாத தொகை. கடன் வாங்கி அனுப்புவதில்லை என்று அவளையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுத்தோம்.

பெங்களூர்ப் பள்ளிக்குப் பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பார்த்தோம். தரைக்கு அடியில் மரச்சட்டம் இருக்கிறதா, அடிபட்டால் பார்க்க பிசியோ வருகிறாரா, வாரத்தில் ஓய்வு நாள் உண்டா, விடுதியில் பொறுப்பாளர் யார், ஒரு ஆசிரியர் தொட்டுத் திருத்தும் முறை பிடிக்கவில்லையென்றால் பிள்ளை யாரிடம் சொல்லலாம் என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தயங்காமல் பதில் சொன்னதால்தான் கையெழுத்துப் போட்டேன். பிளஸ் டூவைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதுகிறாள். ஏப்ரலில் தேர்வு, அந்த மாதத்துக்கு மட்டும் பயிற்சி நேரத்தைக் குறைத்துத் தரப் பள்ளி ஒப்புக்கொண்டிருக்கிறது.