தெருவில் வைக்கோல்

மிலானில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். சேர்ந்த புதிதில் மருந்துத் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சென்று கத்தும். கேட்டாலும் கண்டுகொள்ள மாட்டேன். ஒருநாள் நள்ளிரவில் ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் காலத்தில் ஓபரா என்ற இசை நாடகங்களின் கோரஸில், அதாவது கூட்டுப்பாடல் குழுவில் பாடியவர். "வெர்டிக்காகத் தெருவிலேயே வைக்கோல் விரித்தார்கள், தெரியுமா?" என்றார்.

உண்மைதான். 1901 ஜனவரியில் இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்டி பக்கவாதம் தாக்கி, மான்சோனி தெரு ஹோட்டல் ஒன்றில் நினைவின்றிக் கிடந்தார். வயது 87. குதிரை வண்டிகளின் சத்தம் அவரைத் தொந்தரவு செய்யாமலிருக்கத் தெருவில் வைக்கோல் பரப்பினார்கள். 27ஆம் தேதி இறந்துபோனார். இதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் வேலையாகச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன்.

அப்புறம் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். சத்திரக்காரர் மகன். 1832இல் மிலான் இசைக்கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்று அந்தக் கல்லூரிக்கே அவர் பெயர். 1838க்கும் 1840க்கும் நடுவில் இரண்டு குழந்தைகளும் மனைவியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அந்தத் துக்கத்துக்குப் பிறகு வந்ததுதான் 1842இன் 'நபூக்கோ' ஓபரா. 'ரிகொலெத்தோ', 'ஐதா' எல்லாம் ஊரறிந்தவை.

என் மனதில் நிற்பது வேறு. வயதான, வசதியில்லாத இசைக்கலைஞர்களுக்காகத் தன் பணத்தில் மிலானில் ஓர் இல்லம் கட்டினார். 1899இலேயே கட்டி முடிந்தும், தான் இறந்த பிறகே திறக்கச் சொன்னார். யாரும் தனக்கு நன்றி சொல்வதை அவர் விரும்பவில்லை. 1902இல் அவருடைய பிறந்தநாளன்று முதல் முதியவர்கள் குடிவந்தார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் படுக்கை விரிப்பை மாற்றும்போதெல்லாம் 'நன்றி, மன்னிக்கணும்' என்று திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்க வேதனையாக இருக்கும். அந்தக் கூச்சத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்த்த மனிதர் வெர்டி.

லீவு நாளில் போய்ப் பார்த்தேன். அவரும் இரண்டாம் மனைவி ஜுசெப்பினாவும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். திரும்பி வந்து மூதாட்டியிடம் சொன்னேன். 'நபூக்கோ'வின் அடிமைகள் பாட்டை எடுத்தார்.

"எல்லாரும் கத்திப் பாடுகிறார்கள். அவர் தாழ்ந்த குரலில் தொடங்கத்தான் எழுதியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவர் எழுந்துவிடாதபடி முதல் வரியைப் பாடிக் காட்டினார்.