அம்மோனியாவைப் பார்க்கும் லேசர்

குளச்சல், சின்னமுட்டம் பக்கம் ஐஸ் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். மீனைக் கெடாமல் காக்கும் ஐஸ் கட்டிகளை உறைய வைப்பது அம்மோனியா. கசிந்தால் கண்ணும் நுரையீரலும் எரியும். எங்க சித்தப்பா இன்றும் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் இணைப்புகளில் காட்டித்தான் கசிவைத் தேடுகிறார். அம்மோனியா இருந்தால் வெள்ளைப் புகை கிளம்பும். நல்ல முறைதான், ஆனால் ஆள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அதுதான் எனக்குப் பயம்.

இதற்குக் கடுகளவு லேசர் சில்லு ஒன்று போதும். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களில் மட்டுமே ஒளியை விழுங்கும். ஆக்சிஜன் 760 நானோமீட்டர் அருகே, அம்மோனியா 1512 அருகே, மீத்தேன் 1654 அருகே. லேசருக்குப் போகும் மின்னோட்டத்தை லேசாக ஏற்றி இறக்கினால் அதன் அலைநீளமும் நகரும். 1512-ஐக் கடக்கும்போது எதிர்முனையில் ஒளி சட்டென்று குறைந்தால் நடுவில் அம்மோனியா இருக்கிறது. எவ்வளவு குறைகிறதோ, அதை வைத்து அளவையும் கணக்கிடலாம். கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஒரே கதிர் காவல் நிற்கும். ராத்திரி ஷிப்டிலும் கண் அசராது.

2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி மீத்தேனைத் தேடுவதும் இதே வழியில்தான். அங்கே வைக்க முடிந்ததை நம்ம கடற்கரையிலும் வைக்கலாமே! விலை கூடுதல்தான், சரி. அப்புறம், முதலாளிகள் யாராவது இதை வாசித்தால், அடுத்த பராமரிப்பு வேலையின்போது ஒரு விலை விசாரித்துப் பாருங்கள்.