விளம்பரத்தில் சிரிப்பை எங்கே வைப்பது?

சிரிக்க வைத்த விளம்பரம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் யாரும் யோசிக்காமல் சொல்வார்கள். அது எந்த கம்பெனிக்கு என்று அடுத்துக் கேட்டால்தான் பலரும் தடுமாறுவார்கள். விளம்பரத் துறையில் இதை ‘வேம்பயர் எஃபெக்ட்’ என்பார்கள். பொருளின் ரத்தத்தை ஜோக் குடித்துவிட்டது என்று அர்த்தம். பணம் போட்டவர் கடைக்காரர், பலன் முழுக்க ஜோக்குக்கு.

நகைச்சுவை தப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இதற்குக் காரணம். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். வாசகத்தில் உள்ள பிராண்ட் பெயரை அடித்துவிட்டு, சம்பந்தமே இல்லாத வேறு பொருளின் பெயரைப் போடுங்கள். பிரஷர் குக்கருக்கு எழுதியதில் செருப்புக் கடையின் பெயரைப் போட்டும் ஜோக் அப்படியே ஓடுகிறது என்றால், அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும் சரி.

ஃபெவிகால் பஸ் விளம்பரத்தை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். உள்ளே, கூரை மேல், படியில், பின்னால் என்று ஆள் அப்பிக்கிடக்கும் ஒரு பஸ் குண்டும் குழியுமான பாதையில் குலுங்கிக்கொண்டு போகிறது. ஒருவர்கூட விழவில்லை. கடைசியில் பஸ்ஸின் பின்பக்கம் தெரியும்போது அங்கே ஃபெவிகால் விளம்பரப் பலகை. வசனம் எதுவும் கிடையாது. சிரிப்பு, ‘ஒட்டும்’ என்ற ஒரே குணத்தின் மேல் நிற்கிறது. அந்த இடத்தில் பிஸ்கட் பெயரைப் போட்டால் எல்லாம் சரிந்துவிடும். ஓகில்வி விளம்பர நிறுவனத்தில் பியூஷ் பாண்டே காலத்தில் வந்த ஃபெவிகால் விளம்பரங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கட்டப்பட்டவை.

அச்சு விளம்பரத்தில் இதற்கு இணையாக நான் எப்போதும் காட்டுவது 1960-இல் வந்த வோல்க்ஸ்வேகன் விளம்பரம். டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனத்துக்காக ஜூலியன் கோனிக் எழுதி, ஹெல்முட் குரோன் வடிவமைத்தது. ஒரு பீட்டில் காரின் படம், கீழே ஒற்றைச் சொல் தலைப்பு: ‘லெமன்’. அமெரிக்கப் பேச்சில் பழுதோடு வந்த வண்டியை லெமன் என்பார்கள். தன் காரையே பழுது என்று சொல்கிற விளம்பரமா என்று கண் நின்றுவிடும். சிரிப்பு அந்த ஒரு சொல்லோடு முடிகிறது. அதன் பிறகு வருவது அத்தனையும் தகவல். டாஷ்போர்டில் உள்ள சிறு பெட்டியின் குரோம் பட்டையில் ஒரு வடு, அதனால் இந்தக் கார் கப்பலேறவில்லை. ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் பரிசோதனைக்கு மட்டும் 3,389 பேர். தினம் 3,000 கார் தயாராகிறது, ஆக, கார்களைவிடப் பரிசோதகர்கள் அதிகம். 189 இடங்களில் சோதனை, ஐம்பதில் ஒரு வண்டி கழிக்கப்படுகிறது. தலைப்பு எழுப்பும் சந்தேகத்துக்கு எண்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கின்றன. ஜோக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இதைத் தமிழில் எழுதச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ‘எலுமிச்சை’ என்று போட்டால் விளம்பரமே தலைகீழாகிவிடும். புது வண்டி எடுத்ததும் நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறவர்கள் நாம். நமக்கு அது மங்கலம், திருஷ்டி கழிப்பது. பழுது என்ற நினைப்பே வராது. காய்கறிக் கடையில் நம் வாயில் வரும் சொல் வேறு: ‘சொத்தை’. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொத்தையை ஒதுக்குகிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அப்படியானால் தலைப்பு ‘சொத்தை.’ முடிவு வரி: ‘சொத்தையைப் பொறுக்குவது எங்கள் வேலை. காய் உங்களுக்கு.’ மும்பையிலிருந்து வரும் இந்தி, ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கும் நண்பர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சொல்லை மொழிபெயர்க்காதீர்கள். அந்தச் சிரிப்பு எந்தப் பழக்கத்தின் மேல் நிற்கிறது என்று பார்த்து, அதே இடத்தில் நம்மிடம் இருக்கும் பழக்கத்தைத் தேடுங்கள்.

சிலேடைக்கும் இதே கணக்குதான். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் மட்டும் போதாது, இரண்டு அர்த்தமும் பொருளுக்குப் பொருந்த வேண்டும். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்தபோது, ஆடிக் குடத்தில் அடைவது இரண்டுக்கும் பொருந்தியது. பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்கு வரும். பிண்ணாக்கு என்றால் ஒரு பக்கம் பிளந்த நாக்கு, இன்னொரு பக்கம் செக்கில் மிஞ்சுவது. ஒரு சொல்லும் சும்மா வரவில்லை. நம் விளம்பரச் சிலேடைகளில் பெரும்பாலும் ஒரு அர்த்தம் பொருளைப் பற்றியது, மற்றது வெறும் ஒலி ஒற்றுமை. அது சிலேடை ஆகாது.

தமிழில் நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. சிரிப்பை வெடிக்க வைக்கும் சொல் வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டும். நம் வாக்கியமோ வினைச்சொல்லில் முடிகிறது. ‘எங்கள் மெத்தையில் படுத்தால் அலாரம் அடிப்பதுகூடக் காதில் விழாது’ என்று எழுதினால் ‘அலாரம்’ என்ற சொல்லிலேயே கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு வரும் மூன்று சொற்களும் வெடித்த பட்டாசின் குப்பை. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பெயர்ச்சொல்லில் முடியும் வாக்கியமாகக் கட்டுவது: ‘எங்கள் மெத்தைக்கு ஒரே எதிரி, அலாரம்.’ இன்னொன்று, பேச்சில் நாம் இயல்பாகவே செய்வதுபோல வினையை முன்னால் தள்ளிவிட்டுப் பெயரைக் கடைசியில் போடுவது: ‘கேட்கவே கேட்காது, அலாரம்!’ வானொலிக்கு இரண்டாவதுதான் உதவும்.

இனி ஒரு 30 விநாடி வானொலி விளம்பரத்தை முழுதாக எழுதிப் பார்ப்போம். பொருள், வீட்டு உபயோக வெட் கிரைண்டர். கடைக்காரர் கொடுக்கும் குறிப்பில் வழக்கம்போல ஆறேழு விஷயம் இருக்கும்: சத்தம் குறைவு, கரண்ட் மிச்சம், சாய்த்து மாவை ஊற்றலாம், வாரண்டி, தவணை, இலவச டெலிவரி. முப்பது விநாடியில் தமிழில் நிதானமாகச் சொல்லக்கூடியது 50, 55 சொல். நம் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கிலக் கணக்கு இங்கே செல்லாது. நகைச்சுவை என்றால் இடைவெளிக்கும் இடம் விட வேண்டும், அப்போது 45 சொல்தான். ஆகவே ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நோட்டீஸுக்கு அனுப்பிவிடுங்கள். இங்கே எடுத்துக்கொள்வது சத்தம் குறைவு.

அடுத்து, அந்த குணத்தால் யாருக்கு என்ன ஆகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். குழந்தை தூங்கும். சீரியல் வசனம் கேட்கும். இவையெல்லாம் முதலில் தோன்றுபவை, எல்லாருக்கும் தோன்றுபவை. பட்டியலை நிறுத்தாமல் பத்து, பன்னிரண்டு வரை இழுங்கள். சத்தம் போனதால் நஷ்டம் யாருக்கு என்ற கேள்விக்கு வரும்போதுதான் பலன் கிடைக்கும். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டால், ‘ரெண்டு கரண்டி மாவு இருக்குமா’ என்று கிண்ணத்தோடு வருபவர் எல்லாத் தெருவிலும் உண்டு. அவருக்கு இனி தகவல் போகாது. இதோ:

(கதவு தட்டும் சத்தம்)
பக்கத்து வீடு: அக்கா, நாலு நாளா மாவே ஆட்டலையா?
அக்கா: இப்பகூட ஆட்டிக்கிட்டுதானே இருக்கேன்.
பக்கத்து வீடு: சத்தமே காணோமே!
அக்கா: புது (பெயர்) கிரைண்டர். அடுத்த வீட்டுக்குக் கேட்காது.
(ஒரு விநாடி மௌனம்)
பக்கத்து வீடு: போச்சு! சத்தத்த வச்சுத்தானே எடுத்துட்டு வருவேன்... கிண்ணம்!
அறிவிப்பாளர்: (பெயர்) கிரைண்டர். ஆட்டுறது கேட்காது. (கடை), பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில்.

நாற்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. சில விஷயங்களைக் கவனியுங்கள். ‘அக்கா’ என்ற ஒற்றைச் சொல், இருவருக்கும் என்ன உறவு, எவ்வளவு உரிமை என்பதைச் சொல்லிவிட்டது, தனி அறிமுகம் தேவைப்படவில்லை. பிராண்ட் பெயர் ஜோக்குக்கு முந்தைய வரியில், ஜோக்கின் காரணமாக வருகிறது. அதை எடுத்தால் ஜோக் விழும். கடைசியில் அறிவிப்பாளர் சொல்வது இரண்டாம் முறை. ‘வருவேன்’ என்று முடிந்ததுபோல் நின்று, அதன் பிறகு ‘கிண்ணம்’. போன் நம்பர் இல்லை. பத்து இலக்கத்தை ஒருமுறை வாசிக்க ஐந்து விநாடி போகும், வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர் குறித்துக்கொள்ளவும் முடியாது. எதிரில் என்ன இருக்கிறது என்று சொன்னால் மறக்காது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் முக்கியம். மாவு கேட்டு வருபவரை இந்த ஸ்பாட் (வானொலி விளம்பரம்) இழிவுபடுத்தவில்லை, அவர் நமக்குத் தெரிந்தவர், வந்தால் கொடுத்தும் அனுப்புவோம். மாமியார், குண்டான ஆள், கறுப்பு நிறம், கிராமத்துப் பேச்சு என்று போனால் உடனே சிரிப்பு வரலாம். ஆனால் கிரைண்டர் வாங்குவதை முடிவு செய்பவர் பல வீடுகளில் அந்த மாமியார்தான். அவரைக் கேலி செய்துவிட்டு அவரிடமே விற்க முடியாது. இது அறத்தோடு வியாபாரமும்தான்.

வட்டாரப் பேச்சு சிரிப்புக்கு வலு சேர்க்கும். கோவை வானொலி நிலையத்துக்கு ‘ஏனுங்க்கா, நாலு நாளா மாவே ஆட்டலீங்களா?’ என்று மாற்றலாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் வாசித்து ஒப்புக்கொண்டால் மட்டும் மாற்றுங்கள். பாதி தெரிந்த வட்டார வழக்கு நக்கலாகத்தான் கேட்கும்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் ரெக்கார்டிங்குக்கு ஓடாதீர்கள். ‘அடுத்த வீட்டுக்குக் கேட்காது’ என்று சொல்லியிருக்கிறோம். அது ஜோக்குக்குள் இருந்தாலும் பொருளைப் பற்றிய உறுதிமொழிதான். ஊறவைத்த அரிசியைப் போட்டு கிரைண்டரை ஓடவிட்டு, பக்கத்து வீட்டில் போய் நின்று கேளுங்கள். காலி டிரம்மை ஓட்டிப் பார்ப்பது சோதனை இல்லை, மாவு இருக்கும்போது சத்தம் வேறு. கேட்டால் வரியை மாற்ற வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ போன்ற பொறுப்புத் துறப்பு வரியும் விளம்பரம் சொல்லும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. மிகைப்படுத்துவது தப்பில்லை, ஆனால் யாரும் நம்ப முடியாத அளவுக்குப் போக வேண்டும். ‘படுத்த பத்தாவது நிமிஷம் தூக்கம்’ என்றால் அது உறுதிமொழி, நிரூபிக்க வேண்டும். மெத்தையில் தூங்குபவரை எழுப்ப மேளம், நாதஸ்வரம், கடைசியில் யானை என்று போனால் அது வேடிக்கை என்று குழந்தைக்கும் தெரியும். நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

ரெக்கார்டிங்கில் கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு விநாடி மௌனம். நேரம் இடித்தால் எடிட்டர் முதலில் கைவைப்பது அங்கேதான், அது போனால் ‘போச்சு!’ வெறும் வசனமாகிவிடும். நேரம் வேண்டுமென்றால் ‘சத்தமே காணோமே’வை வெட்டுங்கள். மௌனத்தின் கீழே இசையும் ஓடக் கூடாது. இரண்டு பெண் குரல்களும் ஒரே சுருதியில் இருந்தால் யார் பேசுவது என்று புரியாது, ஒன்று தடித்த குரலாக இருக்கட்டும். யாரும் சிரித்துக்கொண்டே பேசக் கூடாது. மாவு போன வருத்தம் அவருக்கு உண்மையான வருத்தம். பின்னணிச் சிரிப்பொலி வேண்டவே வேண்டாம்.

ஒரே ஸ்பாட் ஒரு நாளில் பத்து முறை ஓடும். திடுக்கிட வைத்துச் சிரிக்க வைக்கும் ஜோக் மூன்றாம் முறையிலேயே செத்துவிடும். ஆளின் குணத்தில் வரும் சிரிப்பு தாங்கும், இருந்தாலும் மூன்று ஸ்பாட்டாவது எழுதி மாற்றி மாற்றி விட வேண்டும். அமுல் 1966 முதல் செய்வது இதைத்தான். புள்ளி வைத்த கவுன் போட்ட சிறுமி, மேலே ஒரு சிலேடை, வெண்ணெய். இந்தச் சட்டகம் மாறுவதில்லை, உள்ளே இருக்கும் ஜோக் நாட்டு நடப்புக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. நம் கிரைண்டருக்குச் சட்டகம், கதவு தட்டலும் கிண்ணமும். இரண்டாவது ஸ்பாட்டில் அதே பெண் சுவரில் காதை வைத்துக் கேட்கலாம். மூன்றாவதில் அக்காவே கிண்ணத்தில் மாவு கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இதையே ஹோர்டிங்குக்கு (சாலையோர விளம்பரப் பலகைக்கு) கொண்டுபோகும்போது சொல்லை விட்டு எழுத்தை எண்ணுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி விநாடிக்கு சுமார் 17 மீட்டர் கடக்கும். 100 மீட்டரிலிருந்து படிக்க முடிந்தால் ஆறு விநாடி, அதில் பாதி சாலைக்குப் போய்விடும். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோர் கணக்கு. அதன்படி 100 மீட்டருக்கு எழுத்து 33 அங்குலம், கிட்டத்தட்ட மூன்று அடி. தமிழ் எழுத்து உயரத்துக்குச் சமமாக அகலமும் கேட்கும், ‘ணை’, ‘கொ’ போன்றவை இன்னும் அதிகம். 20-க்கு 10 அடிப் பலகையில் வரிக்கு ஆறேழு எழுத்து, இரண்டு வரி. பேச்சு வழக்கு அச்சில் கண்ணுக்குப் பழக்கமில்லை, படிக்க ஒரு கணம் கூடும். அதனால் ‘ஆட்டுறது’ என்பதை ‘ஆட்டுவது’ ஆக்கலாம். முதல் வரி ‘ஆட்டுவது’, ஐந்து எழுத்து. இரண்டாம் வரி ‘கேட்காது’, நான்கு எழுத்து. மிச்சமிருக்கும் இடத்தில் பிராண்ட் பெயரும், காலிக் கிண்ணத்தோடு வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணும்.